தோண்டி எடுத்த எலும்ப லேப்ல எப்படி பாக்கணும்: புதுசா சேர்றவங்களுக்கு

கீழடில கெடச்ச எலும்புல 70 சாம்பிள புனே டெக்கான் காலேஜ்ல பாத்தப்ப மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி, நீலான், வெளிமான், காட்டுப்பன்றி, மயில்னு ஒரு லிஸ்ட் வந்துச்சுல்ல, அந்த மாதிரி ஒரு லிஸ்ட் எப்படி வருதுன்னு சொல்றேன்.

எலும்பு வந்த கவர பிரிக்கறதுக்கு முன்னாடி லேபிள்ல இருக்கறத நோட்ல ஏத்திடுங்க, குழி நம்பர், லேயர் (எந்த மண் அடுக்கு), ஆழம் எல்லாம். டேபிள்ல ஒரு நேரத்துக்கு ஒரு கவர் தான். ரெண்டு லேயர் எலும்பு கலந்துட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது. டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு போறத கழுவாதீங்க, கையுறை இல்லாம தொடாதீங்க. மத்தத மெதுவான டூத்பிரஷ்ஷால தேச்சு நிழல்ல காய வைங்க, வெயில்ல வச்சா வெடிச்சிடும்.

அடுத்து எந்த எலும்பு, இடதா வலதா, அதுக்கப்புறம் தான் எந்த மிருகம். லேப்ல இருக்கற ரெஃபரன்ஸ் எலும்போட பக்கத்துல வச்சு மூட்டுப் பகுதிய ஒப்பிட்டுப் பாருங்க, போட்டோவ நம்பாதீங்க. வெள்ளாடும் செம்மறியும் தான் ரொம்ப படுத்தும். நான் முதல் மாசம் சின்னதா இருந்ததெல்லாம் வெள்ளாடுன்னே எழுதிட்டேன், சீனியர் அக்கா பாத்துட்டு அத்தனையும் திரும்ப பாக்க வச்சாங்க. முன்னங்கால் கீழ் எலும்பு வெள்ளாட்டுக்கு குட்டையா அகலமா இருக்கும், செம்மறிக்கு கொஞ்சம் ஒல்லி. தெளிவா தெரியலன்னா "வெள்ளாடு அல்லது செம்மறி"ன்னு எழுதுங்க, அதுவுமில்லன்னா "ஆடு சைஸ்". யூகிச்சு எழுதறதுக்கு இது எவ்வளவோ மேல்.

வயசு கண்டுபிடிக்க, கறிக்குழம்புல எலும்போட முனை தனியா கழண்டு வரும் பாத்திருப்பீங்க, அது இளசு, முனை இன்னும் ஒட்டல. ஆட்டுக்கு மேல்கை எலும்போட முழங்கை பக்கம் ஒரு வயசுக்குள்ள ஒட்டிடும், தோள் பக்கம் ஒட்ட மூணு வயசு கிட்ட ஆயிடும். பல் தேய்மானமும் பாக்கணும், தாடை கெடச்சா விடாதீங்க.

அப்புறம் லென்ஸ் வச்சு சைடு லைட்ல மேற்பரப்ப பாருங்க. பழைய கத்தி வெட்டு எலும்பு நிறத்துலயே இருக்கும், உள்ள வெளுப்பா தெரிஞ்சா அது தோண்டும்போது நம்ம மண் கரண்டி பட்டது. எலி கடிச்சா பக்கத்து பக்கத்துல கோடு கோடா, நாய் கடிச்சா குழி குழியா, முனைய மென்னுருக்கும். கருப்பா இருந்தா கருகுனது, வெள்ளையாவே ஆயிருந்தா ரொம்ப சூட்டுல எரிஞ்சது. ஆனா மண்ணுல இருக்கற மாங்கனீசும் கருப்பாக்கும், அவசரப்பட்டு சமைச்சாங்கன்னு எழுதிடாதீங்க.

எண்ணும்போது துண்டு கணக்கு வேற, மிருகக் கணக்கு வேற. ஒரே ஆடு இருபது துண்டா உடைஞ்சிருக்கலாம். அதனால ஒரே எலும்போட இடது பக்கத்த மட்டும் எண்ணுங்க, வலது பக்கத்தயும் தனியா எண்ணுங்க, எது அதிகமோ, குறைஞ்சபட்சம் அத்தனை மிருகம் இருந்திருக்கு. அடையாளம் தெரியாத சில்லுகளயும் எண்ணி, எடை போட்டு, அதே லேபிளோட அதே கவர்ல திருப்பி வைங்க.