சீன மொழியின் வரலாறு: எழுத்தை நம்பி ஏமாறும் இடங்கள்

கி.மு. நான்காம் நூற்றாண்டில் மென்சியஸ் என்ற அறிஞர், லியாங் மன்னன் ஹுய்க்கு ஒரு போர்க்களக் கதை சொன்னார். முரசு முழங்கி ஆயுதங்கள் மோதியதும் சில வீரர்கள் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆயுதத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஐம்பது அடி ஓடி நின்றவன், நூறு அடி ஓடியவனைப் பார்த்துச் சிரிக்கலாமா? சீனர்கள் இன்றும் பேச்சில் எடுத்துவிடும் கதை இது.

இன்றைய பொதுச் சீனமான மாண்டரின் மட்டும் தெரிந்த ஒருவர் அதன் மூல வரியை எழுத்துக்கு எழுத்து படித்தால் என்ன ஆகும்? ‘கவசத்தை எறிந்து, சிப்பாய்களை இழுத்துக்கொண்டு நடந்தார்கள்’ என்று வரும். ‘ஸோ’ என்ற சொல்லுக்கு அன்று பொருள் ஓடுவது, இன்று நடப்பது. ‘பிங்’ அன்று ஆயுதம், இன்று சிப்பாய். எழுத்துகள் என்னவோ அதேதான்.

சீன மொழி மூவாயிரம் ஆண்டுகளாக மாறாமல் இருக்கிறது என்று அடித்துச் சொல்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நிலைத்து நின்றது எழுத்து. அதற்குள் இருந்த பொருளும் ஒலியும் இலக்கணமும் எப்போதோ இடம் மாறிவிட்டன. சில சொற்கள் தலைகீழாகவே திரும்பியிருக்கின்றன. ‘ச்சூ’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கன்பூசியஸ் ‘ச்சூ லூ’ செய்தார் என்று பழைய நூலில் இருந்தால் அவர் லூ நாட்டை விட்டுக் கிளம்பினார் என்று அர்த்தம். இன்றைய காதுக்கு அது லூ நாட்டுக்குப் போனார் என்று கேட்கும்.

அடுத்த தவறு, பழைய கவிதையை இன்றைய உச்சரிப்பில் படித்துவிட்டு, எதுகை இடிக்கிறதே, கவிஞர் கோட்டை விட்டார் போலிருக்கிறதே என்று நினைப்பது. இதில் சாதாரண வாசகர்கள் மட்டும் மாட்டவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பேரறிஞர் ஜூ ஷியும் மாட்டினார். கி.மு. காலத்துப் பாடல் தொகுப்பு ஒன்றுக்கு உரை எழுதியபோது, ஒலி பொருந்தாத இடத்தில் எல்லாம் அந்தச் சொல்லை அங்கே மட்டும் வேறு மாதிரி உச்சரிக்கச் சொன்னார். அவருக்கு முன்பே இருந்த பழக்கம்தான் இது. விளைவு வேடிக்கையாக இருந்தது. ஒரே பாடலில் ‘வீடு’ என்ற ஒரே சொல்லை ஒரு கண்ணியில் ‘கு’ என்றும் அடுத்ததில் ‘கோங்’ என்றும் படிக்க வேண்டியிருந்தது! மிங் அரசமரபின் காலத்தில் சென் தி என்ற அறிஞர்தான் 1606-இல் வெளியிட்ட நூலில் இதை உடைத்தார். காலத்தில் பழையது புதியது உண்டு, இடத்தில் வடக்கு தெற்கு உண்டு, எழுத்து மாறும், ஒலி நகரும் என்று எழுதினார். பாடலை எழுதியவர்களுக்கு எதுகை சரியாகத்தான் இருந்தது, மாறியது நம் வாய்தான் என்பது அவர் வாதம். இன்று எளிதாகத் தெரியும் இந்த விஷயம் பிடிபட அத்தனை நூற்றாண்டுகள் ஆயின.

சரி, அப்படியானால் தெற்கே ஹாங்காங் பக்கம் பேசும் காண்டனீஸ்தான் ‘அசல் பழைய சீனம்’ என்று இன்னொரு பக்கம் கிளம்புவார்கள். டாங் அரசமரபுக் காலக் (7 முதல் 10-ஆம் நூற்றாண்டு) கவிதைகள் பல மாண்டரினை விட காண்டனீஸில் நன்றாக ஒலிக்கும் என்பது உண்மை. சொல்லின் இறுதியில் வரும் ப், த், க் ஒலிகளை அது காப்பாற்றி வைத்திருக்கிறது, மாண்டரின் தொலைத்துவிட்டது. ஆனால் சொல்லின் முதலில் வரும் பழைய அதிர்வொலிகளை (ஆங்கில b, d, g போன்றவை) காண்டனீஸ் இழந்தது, ஷாங்காய்ப் பேச்சு வைத்திருக்கிறது. தைவான் பக்கம் பேசும் ஹொக்கியன் அடங்கிய ‘மின்’ என்ற கிளையோ இவற்றுக்கெல்லாம் முன்பே பிரிந்து போனது. ஆளுக்கொன்றைக் காத்து ஆளுக்கொன்றைத் தொலைத்திருக்கிறார்கள். இதில் யாரையும் ‘தாய்’ என்று தூக்கிப்பிடிக்க முடியாது.

விகுதி இல்லை, வேற்றுமை உருபு இல்லை, ஆகவே சீனத்தில் மாறுவதற்கு இலக்கணமே இல்லை என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. அதுவும் தவறு. ‘பா’ என்பது முன்பு ‘கையில் பிடி’ என்ற வினை. இன்று செயப்படுபொருளுக்கு முன்னால் வந்து நிற்கும் வெறும் இலக்கணச் சொல். எட்டாம் நூற்றாண்டில் டு ஃபூ என்ற கவிஞர் ஒரு கவிதையில், போதையில் செடியைக் கையில் ‘பா’ செய்து உற்றுப் பார்ப்பதாக எழுதினார். அங்கே அது இன்னும் வினையா, உருபாகிவிட்டதா என்று இரண்டு விதமாகவும் படிக்கலாம். தமிழருக்கு இது புதிதில்லை. ‘கத்தியைக் கொண்டு வெட்டினான்’ என்பதில் வரும் ‘கொண்டு’ எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் போதும். ‘இது’ என்று சுட்டிய ‘ஷி’ இன்றைய ‘ஆகும்’ ஆனதும், ‘முடி’ என்ற வினை தேய்ந்து ‘ல’ என்ற ஒட்டாக நிற்பதும் இதே கதைதான்.

சில சின்னத் தவறுகளையும் சொல்லிவிடலாம். 1956-இல் எழுத்துகளை எளிமையாக்கியது எழுத்துச் சீர்திருத்தம், மொழி மாற்றம் அல்ல. ஒரு எழுத்தைப் பிய்த்துப் பார்த்து அதில் சொல்லின் பிறப்பைக் கண்டுபிடித்ததாக மகிழ்வதும் ஆபத்து. ‘வா’ என்பதற்கான எழுத்து ஆதியில் கோதுமைச் செடியின் படம், ஒலி ஒற்றுமைக்காகக் கடன் வாங்கியது. அப்புறம், சீனம் வெளிச்சொற்களை ஏற்காது என்ற நம்பிக்கை. பௌத்தம் கொண்டுவந்த ‘தியானம்’ அங்கே ‘சான்’ ஆனது. பொருளாதாரம், தத்துவம் என்ற பொருளில் இன்று வழங்கும் சீனச் சொற்கள் ஜப்பானில் உருப்பெற்றுச் சீனாவுக்குப் போனவை. சீன எழுத்திலேயே எழுதப்படுவதால் யாரும் அவற்றை அந்நியமாகப் பார்ப்பதில்லை.

பேச்சுநடையில் எழுதும் வழக்கம் 1919-இல் மாணவர்கள் கிளப்பிய மே நான்கு இயக்கத்தில் பிறந்தது என்று எழுதுபவர்களும் உண்டு. அந்த ஆண்டுகளில் அதற்கு மதிப்பும் பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்தன, அவ்வளவே. வடமேற்குச் சீனாவின் டுன்ஹுவாங் குகையில் கிடைத்த டாங் காலக் கதை ஏடுகளிலேயே பேச்சுநடை தாராளமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு தவறு: மாற்றம் எல்லாம் பழங்கதை என்று நினைப்பது. ‘பெய்’ என்பது செயப்பாட்டு வினைக்கான சொல், ‘அடிக்கப்பட்டான்’ என்பது போன்ற இடத்தில் வரும். 2009 வாக்கில் மக்கள் அதை ‘வேலையில் சேர்’ என்பதற்கு முன்னால் போட ஆரம்பித்தார்கள். வேலையே கிடைக்காத பட்டதாரியைக் கணக்கில் மட்டும் ‘வேலைக்குச் சேர்ந்தவர்’ என்று காட்டினால், அவர் ‘வேலை சேரப்பட்டார்’! இலக்கண விதிப்படி தப்பான வாக்கியம். ஆனால் எதைக் குத்திக்காட்டுகிறது என்பது யாருக்கும் புரியாமல் போகவில்லை. அந்த ஆண்டின் எழுத்தாகவும் ‘பெய்’ தேர்வானது.