தாவீது கதையைப் படிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

பைபிளில் வரும் இஸ்ரவேலின் முதல் அரசன் சவுல் எப்படிச் செத்தான்? 1 சாமுவேல் 31-இல் தன் வாளின் மேல் தானே விழுந்து சாகிறான். அடுத்த அதிகாரத்திலேயே அமலேக்கு இனத்தவன் ஒருவன் வந்து, நான்தான் கொன்றேன் என்கிறான். இதைப் பார்த்ததும் முரண்பாடு என்று ஒரு தரப்பு கிளம்பும். குற்றுயிராகக் கிடந்தவனை இவன் முடித்துவைத்தான் என்று இன்னொரு தரப்பு ஒட்டுப்போடும். பேசுவது யார் என்று இரு தரப்புமே பார்ப்பதில்லை. முதலில் சொல்வது கதைசொல்லி. பிறகு சொல்பவனோ, சவுலின் கிரீடத்தை, அடுத்து அரசனாகப்போகும் தாவீதிடம் கொண்டுவந்து நிற்பவன். அவன் வெகுமானம் எதிர்பார்த்தே வந்ததாகப் பின்னால் தாவீதே சொல்கிறான் (2 சாமுவேல் 4:10). பாத்திரம் சொல்வதைக் கதைசொல்லியின் வாக்காக எடுத்துக்கொள்வதுதான் இந்தக் கதைகளில் நாம் செய்யும் பெரிய தவறு.

சீபா விஷயமும் இப்படித்தான். கலகம் செய்த மகன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது ஓடும்போது, சவுலின் பேரன் மேவிபோசேத் அரசாட்சிக்கு ஆசைப்பட்டு எருசலேமிலேயே தங்கிவிட்டான் என்று அவனுடைய வேலைக்காரன் சீபா கோள் சொல்கிறான். தாவீது விசாரிக்காமலே சொத்து முழுவதையும் சீபாவுக்குக் கொடுத்துவிடுகிறான். திரும்பி வந்தபின் மேவிபோசேத் சொல்லும் கதை வேறு. யார் பொய்யன் என்று கதைசொல்லி வாய் திறப்பதில்லை. ஆனால் ராஜா போன நாள்முதல் மேவிபோசேத் தாடியைத் திருத்தவில்லை, துணி வெளுக்கவில்லை என்பதைத் தன் குரலிலேயே சொல்லிவிடுகிறான். வர்ணனை என்று தாண்டிப் போனால் வழக்கின் முக்கியமான சாட்சியே போச்சு. தாவீது நிலத்தை இருவருக்கும் பங்கிடுகிறான். அது நியாயமா, சமாளிப்பா? எனக்குச் சமாளிப்பாகத்தான் படுகிறது.

அப்புறம், இடைவெளிகளை நம் கற்பனையால் நிரப்புவது. குளிப்பதைப் பார்த்துத் தாவீது அழைத்து உறவுகொண்ட, உரியாவின் மனைவி பத்சேபாள் வேண்டுமென்றே மாடிக்குப் போய்க் குளித்தாள் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2 சாமுவேல் 11-இல் மாடியில் உலாவுவது தாவீது. அவள் எங்கே குளித்தாள் என்றே இல்லை. அவள் மனதில் என்ன இருந்தது என்றும் இல்லை. கர்ப்பமாயிருக்கிறேன் என்று சொல்லி அனுப்புவது மட்டுமே அந்த அதிகாரத்தில் அவள் பேச்சு. தாவீது எழுதிய, தன் சாவுக்கான கடிதத்தை உரியாவே சுமந்துபோகும்போதும் கதைசொல்லி எதுவும் சொல்வதில்லை. தாவீது செய்தது கர்த்தர் பார்வையில் பொல்லாதது என்ற தீர்ப்பு கடைசி வசனத்தில்தான் வருகிறது.

எவ்வளவு பெரிய அரசனோ அவ்வளவு பக்கம் கிடைக்கும் என்று நினைப்பதும் சரியல்ல. சமாரியாவைத் தலைநகராக்கிய, பிற்கால இஸ்ரவேல் அரசன் உம்ரியின் 12 ஆண்டு ஆட்சி 1 இராஜாக்கள் 16-இல் ஆறே வசனம். அசீரியக் கல்வெட்டுகள் அவன் வம்சம் ஒழிந்த பிறகும் இஸ்ரவேலை உம்ரியின் வீடு என்றே அழைத்தன. இராஜாக்கள் நூலுக்கு வேண்டியது அரசன் யாரை வணங்கினான் என்பது. உம்ரி பக்கத்து நாடான மோவாபை ஒடுக்கிய செய்தியை அந்நாட்டு அரசன் மேசாவின் கல்வெட்டில்தான் தேட வேண்டும்.