கார் சென்ட்ரலில், வரைபடத்தில் வங்கக் கடல்: ஏபிஆர்எஸ் டிராக்கரில் செய்யக்கூடாதவை

வண்டி இருக்கும் இடத்தை ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலி வழியாக அனுப்புவது ஏபிஆர்எஸ் முறை. அதற்கு நானே நிரல் எழுதிச் செய்த டிராக்கரைக் காரில் வைத்து முதன்முதலில் ஓட்டிய நாளில், வண்டி சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே நின்றுகொண்டிருந்தது. வரைபடத்திலோ வங்கக் கடலில் மிதந்தது. ஜிபிஎஸ் தந்த தீர்க்கரேகை 80.2707 டிகிரி. ஏபிஆர்எஸ் முறைக்குத் தசம டிகிரி ஆகாது, 0.2707-ஐ 60-ஆல் பெருக்கி, 80 டிகிரி 16.24 நிமிடம் என்று அனுப்ப வேண்டும். நான் புள்ளியை மட்டும் நகர்த்தி 8027.07, அதாவது 80 டிகிரி 27.07 நிமிடம் என்று அனுப்பிவிட்டேன். கார் கிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போய்விட்டது. அட்சரேகையிலும் அதே தவறு, வடக்கே ஆறு கிலோமீட்டர். கடல் இல்லாத ஊராக இருந்தால் இதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு நாள் ஆகியிருக்கும்.

இந்த முறையை உருவாக்கிய அமெரிக்க ஹாம் பாப் புருனிங்கா, இது வண்டியைத் தேடும் கருவி மட்டுமல்ல, இருவழித் தகவல் தொடர்பு என்று சலிக்காமல் சொல்லிவந்தார். செல்போன் டிராக்கரைப் போல இதை நினைப்பவர்கள்தான் பத்து விநாடிக்கு ஒருமுறை நிலையை அனுப்பும்படி அமைக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இருப்பது ஒரே அலைவரிசை, வேகம் 1200 பாட், அதாவது விநாடிக்கு 1200 பிட். ஒரு பொட்டலம் (ஒருமுறை அனுப்பும் தகவல்) போய்ச்சேர ஏறக்குறைய ஒரு விநாடி பிடிக்கும். அந்த நேரத்தில் இன்னொருவர் அனுப்பினால் இரண்டும் பாழ். அண்ணா சாலை சிக்னலில் நகராமல் நிற்கும் காரின் இடத்தை நிமிடத்துக்கு ஆறு முறை யாருக்குச் சொல்கிறோம்? வேகத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்ப இடைவெளியை மாற்றும் ஸ்மார்ட் பீக்கனிங் வசதியைப் பயன்படுத்துங்கள். அதிலும் திருப்பக் கோணத்தை மிகக் குறைவாக வைத்தால், கத்திப்பாரா மேம்பாலத்தை ஒருமுறை சுற்றுவதற்குள் டிராக்கர் மூச்சுவிடாமல் பேசித் தீர்த்துவிடும்.

அலைவரிசை காலியா என்று கேட்காமலே அனுப்பும் மலிவான கருவிகள் இதைவிட மோசம். தகவலை எத்தனை டிஜிபீட்டர்கள் (கேட்டதைத் திரும்ப ஒலிபரப்பும் நிலையங்கள்) கடத்தலாம் என்று சொல்வதுதான் பாதை. வைட்7-7 போன்ற நீண்ட பாதை வேண்டாம்; ஓடும் வண்டிக்கு வைட்1-1, வைட்2-1 போதும்.

வெளிநாட்டுக் கருவி வாங்கினால் முதலில் அலைவரிசையைப் பாருங்கள். இங்கே 144.390 மெகாஹெர்ட்ஸ்; ஐரோப்பியக் கருவிகள் 144.800-இல் வரும், கேட்க ஆளிருக்காது. லோரா (குறைந்த மின்சக்தியில் நெடுந்தொலைவு போகும் இன்னொரு ரேடியோ முறை) டிராக்கர்களில் அபாயம் அதிகம். ஐரோப்பாவில் அவற்றுக்கு வழக்கமான 433.775, இந்திய ஹாம்களுக்கு உரிய 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

சிக்னல் போகவில்லை என்றால், டிராக்கர் ரேடியோவுக்குத் தரும் ஒலி அளவைப் பலரும் கூட்டுகிறார்கள். அது தலைகீழ் வைத்தியம். ஒலி மிகுந்தால் தொனி சிதையும். காதுக்கு உரக்கக் கேட்கும், டிஜிபீட்டருக்கு ஒன்றும் புரியாது. குறைத்துப் பாருங்கள். கையடக்க ரேடியோவைக் காருக்குள் வைப்பதை விட்டு, கூரைமேல் காந்த அடிப்பாகம் கொண்ட அரை மீட்டர் ஆன்டெனாவை நிறுத்தினால் வித்தியாசம் அன்றே தெரியும். மே மாத வெயிலில் டாஷ்போர்டின் மேல் லித்தியம் பேட்டரியை விட்டுப் போகாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

வீட்டில் ஒரு டிராக்கர், காரில் ஒன்று, இரண்டிலும் ஒரே கால்சைன் (உரிமத்தோடு தரும் அழைப்புக்குறி), அதன் பின்னொட்டாக ஒரே -9 என்றால், வரைபடத்தில் நீங்கள் அம்பத்தூருக்கும் சிறுசேரிக்கும் நொடிக்கு நொடி பறப்பீர்கள். பின்னொட்டு எண்ணை மாற்றிவிடுங்கள்.

டிராவல்ஸ் நடத்தும் உறவினர் ஒருவர், தம் கார்கள் எல்லாவற்றிலும் ஒன்று பொருத்தித் தரச் சொன்னார். மறுத்துவிட்டேன். ஹாம் உரிமம் வருமானத் தொழிலுக்கு அல்ல. உரிமம் இல்லாத ஓட்டுநர் என் கால்சைனில் ஒலிபரப்புவதும் குற்றம். மாதச் சந்தா கட்டி சிம் கார்டு டிராக்கர் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். இன்னும் கோபம் தீரவில்லை.

கடைசியாக, இந்தத் தகவலில் மறைகுறியீடு கிடையாது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் வீட்டுத் தெருவைத் தாண்டி, மெயின் ரோடு பெட்ரோல் பங்க் வந்த பிறகுதான் டிராக்கரின் சுவிட்சைப் போடுகிறேன்.