கட்லாவும் ரோகுவும் ஒரே தொட்டியில்: பொரிப்பகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீனை முட்டையிடத் தூண்டும் ஊசியின் அளவு, நீரின் வெப்பம், காற்றோட்டம் எல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவார்கள். புதிதாக மீன்குஞ்சுப் பொரிப்பகம் வைப்பவர்கள் சறுக்குவது இனக்கலப்பில்.

கலப்பு மீனைத் தாய்மீனாக, அதாவது குஞ்சு எடுக்கும் மீனாக, வைத்துக்கொள்வது

மற்ற தவறுகளின் நட்டம் அந்தப் பருவத்தோடு முடியும். இது அடுத்தடுத்த தலைமுறைக்கும் போகும்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கெண்டை மீன்கள், மூன்றுக்கும் குரோமோசோம் 50. அதனால் கட்லா-ரோகு கலப்பு மலடாவதில்லை. தொடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆர்டர் நெருக்கும், கட்லா ஆண் போதாது, ரோகு ஆணைச் சேர்த்துவிடுவார்கள். அல்லது இரண்டு இனத்துக்கும் ஒரே மாலையில் ஊசி போட்டு ஒரே வட்டத் தொட்டியில் விடுவார்கள். கருவுறுவது ஓடும் தண்ணீரில். எந்த விந்து எந்த முட்டைக்குப் போகிறது என்று யார் காவல் இருப்பது?

கலப்புக் குஞ்சு ரோகுவைவிட வேகமாக வளரும், தலை கட்லாவைவிடச் சிறுத்திருக்கும். வாங்கியவருக்கும் திருப்திதான். அடுத்த பருவத்துக்கு ரோகு குளத்தில் வலை போட்டு, பெருத்ததாகப் பார்த்துப் பொறுக்கும்போது கலப்பு மீன்தான் முதலில் கைக்கு வரும். அதை ரோகுவோடு மறுபடி சேர்த்தால் குஞ்சுகள் கண்ணுக்கு ரோகுவாகவே தெரியும். மரபணுச் சோதனையில்லாமல் பிரிக்க முடியாது. வளர்ச்சியும் ஏறுக்குமாறாகிவிடும். மேல்மட்டத்தில் மேயும் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால் என்று 4:3:3 கணக்கில் இருப்பு வைத்த குளத்தில் இரண்டு அடுக்கின் தீனிக்கும் இவை போட்டிக்கு வரும்.

“நல்லாத்தானே வளருது” என்பது எரிச்சலூட்டும் பதில். வளர்த்து விற்கலாம், சினைக்கு வைக்கக் கூடாது.

ஒரு தடவைக்கு ஒரே இனம். ஊசிக்கு முன் ஒவ்வொரு மீனின் வாயையும் பாருங்கள். கட்லாவுக்கு மீசை இல்லை, வாய் மேல்நோக்கித் திறக்கும். ரோகு உதட்டின் ஓரம் குஞ்சம் கட்டியதுபோல் இருக்கும். மிர்கால் உதட்டில் அது கிடையாது. பெரிய தலையோடு மீசையோ குஞ்ச உதடோ தெரிந்தால் சந்தைக்கு அனுப்புங்கள், குளத்துக்குத் திருப்பாதீர்கள். உதடு சரியாக இருப்பதாலேயே மீன் சுத்தம் என்றும் ஆகாது. தாய்மீன் எங்கிருந்து வந்தது என்ற பதிவேடு வேண்டும்.

தொட்டியை மட்டும் கழுவுவது

கெண்டை விந்து நன்னீரில் ஓரிரு நிமிடமே நீந்தும், அது மிச்சமிருக்காது. வலை மடிப்பிலும் வடிகட்டித் துணியிலும் ஒட்டிய முட்டை, நுண்குஞ்சுதான் அடுத்த இனத்தில் கலக்கும். வலை, துணி இரண்டையும் உதறிக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள்.

முட்டை நிறத்தை வைத்து இனம் சொல்வது

வேண்டாம்.

மிஞ்சிய கலப்புக் குஞ்சை ஆற்றில் விடுவது

கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளில் இவை மூன்றும் இயற்கையாக வாழும் மீன்கள். கலப்பில்லாத புதுத் தாய்மீனுக்கு நம்பும் அந்த இடத்திலும் கலப்பை விட்டுவிடாதீர்கள்.