என்டைட்டில்ட்: ஒப்பந்தம் வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள்

குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வேலை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் "இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க அண்ணா" என்று கொண்டுவருவார்கள். அதில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'என்டைட்டில்'. ஒன்றைப் பெறும் உரிமையை ஒருவருக்குத் தருவது என்று பொருள்.

இதையும் 'எலிஜிபிள்' என்பதையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரிய தவறு. எலிஜிபிள் என்றால் தகுதி இருக்கிறது, அவ்வளவுதான். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். என்டைட்டில்ட் என்றால் நிபந்தனை நிறைவேறியதும் அது உங்களுக்குச் சேர வேண்டியது. தராவிட்டால் கேட்டு வாங்கலாம். அமீரகத்தில் ஓராண்டு வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. அதற்கு அவர் என்டைட்டில்ட். ஆனால் 'போனஸுக்கு எலிஜிபிள்' என்று மட்டும் இருந்தால், அந்தப் பணத்தை நம்பி வீட்டுக்குக் கான்கிரீட் போடத் தேதி குறித்துவிடாதீர்கள். அப்படிக் குறித்துவிட்டுக் கடன் வாங்கிய ஒரு தம்பியை எனக்குத் தெரியும். இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

சரி, எழுதும்போது வரும் தவறுக்கு வருவோம். 'ஐ என்டைட்டில் டு லீவ்' என்று பலர் எழுதுகிறார்கள். உரிமையைத் தருவது சட்டம், ஒப்பந்தம், அடையாள அட்டை போன்றவை, நீங்கள் பெறுபவர். அதனால் 'ஐ ஆம் என்டைட்டில்ட் டு லீவ்' என்றே வர வேண்டும். வேகமாகப் பேசும்போது கடைசி 'ட்' அடுத்து வரும் 'டு'வோடு ஒட்டிக்கொள்வதால் காதில் விழுவதில்லை, எழுத்திலும் விட்டுப்போகிறது.

'விடுப்புக்கு' என்று தமிழில் நினைப்பதால் 'ஃபார்' போடுவது இன்னொரு பழக்கம். எலிஜிபிளுக்குத்தான் ஃபார் பொருந்தும், என்டைட்டில்டுக்கு டு. செயல் வந்தாலும் டுதான்: 18 வயது நிறைந்த குடிமகன் வாக்காளராகப் பதிவாவதைப் பற்றி இந்திய அரசியல் சட்டத்தின் 326-ஆவது பிரிவு 'என்டைட்டில்ட் டு பி ரெஜிஸ்டர்ட்' என்கிறது.

புத்தகத்துக்குத் தலைப்பிடுவதற்கும் இதே சொல்தான். இடத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

அப்புறம், 'என்டைட்டில்ட்' என்பதோடு வாக்கியத்தை நிறுத்திவிடாதீர்கள். தனியாக நின்றால், எல்லாம் தனக்கே சேர வேண்டும் என்று நினைக்கிற ஆள் என்று பொருள் மாறிவிடும். மேலாளருக்கு எழுதும்போது எத்தனை நாள் விடுப்பு, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.