பெரிய ரீஃப் டேங்குக்கு சம்ப் டிசைன் பண்றீங்களா? கரண்ட் கட்ல இருந்து ஆரம்பிங்க

நம்ம ஊர்ல சம்ப்னா தண்ணி பிடிச்சு வைக்க தரைக்கு கீழ கட்டுற தொட்டி, அதனால கண்ணாடிக் கடையில போய் "ஒரு சம்ப் பண்ணணும்"னு நான் சொன்னப்ப கடைக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பாத்தாரு. ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்ற உப்புத்தண்ணி டேங்க் வச்சிருக்கற மீன் வளக்கறவங்களுக்கு சம்ப்னா மெயின் டேங்குக்கு அடியில, கேபினெட்டுக்குள்ள இருக்கிற இன்னொரு தொட்டி. மேல இருந்து தண்ணி ஓவர்ஃப்ளோ (மேல்மட்டத் தண்ணி வழிஞ்சு விழற பாக்ஸ்) வழியா தானா இறங்கும், ஸ்கிம்மர் (அழுக்க நுரையாக்கி கப்புல எடுக்கற கருவி), மத்த சாமான் எல்லாத்தையும் தாண்டி வரும், ரிட்டர்ன் பம்ப் அத திரும்ப மேல ஏத்தும்.

எல்லாரும் எந்த ஸ்கிம்மர், எத்தன அறைன்னுதான் முதல்ல கேக்கறாங்க. கரண்ட் போனா எவ்ளோ தண்ணி கீழ இறங்கும்னு யாரும் கேக்கறதில்ல, நானும் கேக்கல, ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால் முழுக்க உப்புத்தண்ணியில நின்னு பாய சுருட்டினப்பதான் உறைச்சது.

ஸ்டெப் 1: இறங்கற தண்ணிய கணக்கு போடுங்க

உதாரணத்துக்கு 6 x 2 x 2 அடி டேங்க், அதாவது சுமாரா 180 x 60 x 60 செமீ, கிட்டத்தட்ட 650 லிட்டர். மேல்பரப்பு 180 x 60, அப்போ 1 செமீ இறங்கினா 10.8 லிட்டர். பம்ப் நின்னதும் ரிட்டர்ன் பைப்போட வாய் தண்ணிக்கு வெளிய தெரியற வரைக்கும் சைஃபன் ஆகி, அதாவது பைப் தானா உறிஞ்சி, தண்ணி கீழ வந்துகிட்டே இருக்கும். வாய் 2 செமீ ஆழத்துல இருந்தா 22 லிட்டர்தான், ஓவர்ஃப்ளோ பாக்ஸ், பைப்ல இருக்கறதையும் சேத்து 30னு வச்சுக்கோங்க. அதுவே 10 செமீ ஆழத்துல இருந்தா 108 லிட்டர்! என் டேங்க்ல ஆனது அதுதான்.

அதனால வாய மேல வைங்க, தண்ணி மட்டத்துக்கு ஜஸ்ட் கீழ ரிட்டர்ன் பைப்ல ஒரு சின்ன ஓட்டையும் போடுங்க, காத்து உள்ள போய் சைஃபன் அறுந்துடும். ஆனா பாசியோ நத்தையோ அத அடைச்சிடும், மாசத்துக்கு ஒரு தடவ குச்சி விட்டு பாக்கணும். தண்ணிய ஒரு பக்கம் மட்டும் விடற செக் வால்வ் போட்டா போதுமேன்னு கேப்பீங்க. உப்பும் சுண்ணாம்பும் படிஞ்சு அது ஒரு நாள் சரியா மூடாது, அத நம்பி சம்ப சின்னதாக்காதீங்க.

ஸ்டெப் 2: சைஸ்

ஸ்டாண்டுக்குள்ள எவ்ளோ பெருசு நுழையுமோ அவ்ளோ பெருசு. இந்த டேங்குக்கு 120 x 45 x 45 செமீ சரியா இருக்கும், மிச்ச இடத்துல டாப்-அப் (ஆவியானதுக்கு ஈடா ஊத்தற) தண்ணி கேனும் ஸ்விட்ச் போர்டும். இதுல 1 செமீக்கு 5.4 லிட்டர், 30 லிட்டர் வந்தா அஞ்சரை, ஆறு செமீதான் ஏறும். சம்ப்ல தண்ணி மட்டத்த 23 செமீல வச்சு ஓட்டினா மேல நிறைய இடம் மிச்சம்.

சம்ப் கேபினெட் கதவு வழியா உள்ள போகுமான்னு இப்பவே டேப் வச்சு அளங்க. நடுவுல ஒரு சட்டம் இருந்தா முடிஞ்சது கதை. ஸ்கிம்மர் கப்ப மேல தூக்கி எடுக்க இடம் இருக்கான்னும் பாருங்க, வாரத்துக்கு ரெண்டு தடவையாவது அத கழுவணும்.

ஸ்டெப் 3: அறைகள்

முதல் அறை 20 செமீ, பைப் இறங்கற இடம், 200 மைக்ரான் ஃபில்டர் சாக் (அழுக்க வடிகட்டற பை) இங்க. மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ துவைக்க முடியாதுன்னா சாக் வேண்டாம், அடைச்ச சாக் இல்லாததவிட மோசம்.

அடுத்தது ஸ்கிம்மர், 35 செமீ. இங்க தண்ணி மட்டம் மாறவே கூடாது, மாறினா ஸ்கிம்மர் ஒரு நாள் ஒண்ணுமே எடுக்காது, இன்னொரு நாள் கப் நிரம்பி வழியும். நிறைய ஸ்கிம்மருக்கு 18ல இருந்து 23 செமீ கேக்கும், வாங்கினதோட மேனுவல பாத்துட்டு அப்பறம் தடுப்புக் கண்ணாடி உயரத்த முடிவு பண்ணுங்க, முன்னாடி இல்ல.

பிறகு ரெஃபியூஜியம், அதாவது பாசி வளக்கற அறை, 25 செமீ. கீட்டோ பாசி வச்சு, மெயின் டேங்க் லைட் அணைஞ்சப்பறம் இங்க லைட் எரியணும், நைட்ரேட் பாஸ்பேட்ட பாசி சாப்பிடும், ராத்திரி பிஎச்சும் ரொம்ப இறங்காது. ஆரம்பத்துல இது இல்லாமலும் ஓட்டலாம்.

குமிழி தடுக்க மூணு கண்ணாடி, நடுவுல 2.5, 3 செமீ இடைவெளி. தண்ணி முதல் கண்ணாடிக்கு மேல ஏறி, ரெண்டாவதுக்கு அடியில நுழைஞ்சு, மூணாவதுக்கு மேல ஏறி வரும்.

கடைசியா ரிட்டர்ன் அறை, 28 செமீ. ஆவியாகற தண்ணி முழுக்க இந்த அறையிலதான் குறையும், 1 செமீக்கு சுமாரா 1.26 லிட்டர், ஒரு நாளைக்கு 5 லிட்டர் போனா 4 செமீ. அப்போ பெருசா வைக்கலாமேன்னு தோணும், ஆனா ஓவர்ஃப்ளோ அடைச்சுகிச்சுன்னா இந்த அறைத் தண்ணி மொத்தமும் மேல போயிடும். 20 செமீ மட்டத்துல 25 லிட்டர், மேல டேங்க்ல 2.3 செமீ ஏறும். மேல விளிம்புல 3 செமீயாவது காலியா இருக்கணும். ஏடிஓ (ஆவியானதுக்கு ஈடா தானா தண்ணி ஊத்தற கருவி) வேற, கீழ தண்ணி குறைஞ்சிடுச்சுன்னு நல்ல தண்ணிய ஊத்திகிட்டே இருக்கும், அதோட கேன் சின்னதாவே இருக்கட்டும்.

ஸ்டெப் 4: பைப், பம்ப், கரண்ட்

மணிக்கு டேங்க் அளவுல 5 மடங்கு போதும், சுமாரா 3,200 லிட்டர். டப்பாவுல போட்டிருக்கிற எண் உயரமே இல்லாம அளந்தது, ஒன்றரை மீட்டர் ஏத்தினா குறைஞ்சிடும், பம்ப் சார்ட்ல அந்த உயரத்துக்கு என்னன்னு பாருங்க. பவளத்துக்கு வேணும்ங்கிற வேகத்த வேவ்மேக்கர் (டேங்குக்குள்ளயே தண்ணிய ஓட வைக்கிற பம்ப்) கொடுக்கும்.

கீழ இறங்க ரெண்டு பைப் போடுங்க, ஒண்ணுல கேட் வால்வ், அதால தண்ணிய நுணுக்கமா கட்டுப்படுத்தலாம், சத்தமும் வராது. இன்னொண்ணு அவசரத்துக்கு, அதுல வால்வே கூடாது. செம்பு, பித்தளை எங்கயும் தொடக்கூடாது.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிற சேஃப்டி ஸ்விட்ச்) கட்டாயம். ஒயர் பிளக்குக்கு கீழ தொங்கி வளைஞ்சு மேல வரணும், அப்பதான் வழியற தண்ணி பிளக்குக்குள்ள போகாது. இன்வர்ட்டர்ல ரிட்டர்ன் பம்ப மாட்டாம வேவ்மேக்கர மட்டும் மாட்டுங்க, மணிக்கணக்கா தாங்கும்.

ஸ்டெப் 5: ஒட்டி, நிரப்பி, அணைச்சுப் பாருங்க

வெளிக் கண்ணாடி 8 மிமீ, தடுப்பு 6 மிமீ. வினிகர் வாசனை வர்ற சுத்த சிலிக்கான் வாங்குங்க, பூஞ்சை தடுப்பு கலந்த பாத்ரூம் வகை ஆகாது. அக்ரிலிக்ல தடுப்பு போட்டா கண்ணாடியோட சரியா ஒட்டாது. ஒட்டினத ஒரு வாரம் காய விடுங்க.

உப்பு கலக்காம வெறும் தண்ணிய ஊத்தி ஓட்டிட்டு மெயின் ஸ்விட்ச அணைங்க. பத்து நிமிஷம் தண்ணி ஏறறத பாத்து, எங்க நிக்குதோ அங்க மார்க்கர்ல ஒரு கோடு. திரும்ப ஆன் பண்ணி, ஓடறப்ப ரிட்டர்ன் அறையில மட்டம் எங்க இருக்கோ அங்க இன்னொரு கோடு, இதுக்கு மேல யாரும் தண்ணி ஊத்தக் கூடாது. இதையே நாலஞ்சு தடவ பண்ணி, ஒவ்வொரு தடவையும் அதே கோட்டுல வந்து நின்னா உப்பு மூட்டைய பிரிங்க.