சின்னப் புத்தகக் கடைக்கு இருப்புக் கணக்கு: மென்பொருளில் தொடங்குவது எப்படி

மளிகைக் கடையில் ஒரே சோப்பு இருநூறு கட்டி இருக்கும். புத்தகக் கடையில் ஒரு தலைப்புக்கு இரண்டே பிரதி, அப்படி மூவாயிரம் தலைப்பு. அந்த இரண்டு பிரதியில் ஒன்று நாம் காசு கொடுத்து வாங்கியதாக இருக்கும். இன்னொன்று, விற்றுத் தாருங்கள் என்று பதிப்பகம் வைத்துவிட்டுப் போனதாக இருக்கும். அலமாரியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எங்கள் கடையில் பல வருடம் நோட்டுதான். ஒரு தடவை பதிப்பகத்துக் கணக்கு முடிக்க உட்கார்ந்தோம். வந்தது 40 பிரதி, அலமாரியில் 22, பில் போட்டது 11. மீதி 7 எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஏழுக்கும் கையிலிருந்து பணம் கட்டினோம். அப்புறம்தான் மென்பொருள் பக்கம் வந்தோம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: பத்துப் புத்தகத்தை மேஜையில் வையுங்கள்

எந்த மென்பொருள் என்று கேட்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஐ.எஸ்.பி.என். (பின்னட்டையில் பார்கோடோடு இருக்கும் புத்தக அடையாள எண்) உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, பழைய 10 இலக்க எண் உள்ளது ஒன்று. இரண்டு பதிப்பகங்களின் திருக்குறள் பரிமேலழகர் உரை. விற்றுத் தர வந்த புத்தகம் ஒன்று. கூடவே ஒரு பேனா. இப்படிப் பத்து. டேலி, ஸோஹோ இன்வென்டரி, ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்று எதை எடுத்தாலும் சரி, முதலில் இந்தப் பத்தையும் ஏற்றி, விற்று, திருப்பி அனுப்பிப் பாருங்கள். தமிழில் தேடினால் கிடைக்கிறதா, ஒரே புத்தகத்தை இரண்டு விலையில் வைக்க முடிகிறதா, குடோன் (இருப்பைத் தனித்தனியாகக் கணக்கு வைக்கும் பிரிவு) பிரிக்க முடிகிறதா, எல்லாத் தகவலையும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? நான்குக்கும் ஆம் என்றால் போதும். கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள். நாளை வேறு மென்பொருளுக்கு மாற நினைத்தால் அதுதான் வழி.

படி 2: ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்

தலைப்பை நம்பிக் கணக்கு வைக்க முடியாது. நாட்டுடைமையான நூல்களைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன. தலைப்பு ஒன்று, விலையும் கழிவும் (பதிப்பகம் கடைக்கு விட்டுக்கொடுக்கும் பங்கு) வேறு வேறு. அதனால் எண்தான் அடையாளம்.

2007 முதல் ஐ.எஸ்.பி.என். 13 இலக்கம். இந்தியப் புத்தகங்களில் பெரும்பாலும் 978க்குப் பிறகு 81 அல்லது 93 வரும். பழைய 10 இலக்க எண்ணுக்கு முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது, கடைசியில் உள்ள சோதனை இலக்கமும் பெரும்பாலும் மாறும். அந்த ஒன்றை எடுத்துவிட்டு, 978 சேர்த்து வரும் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு வேண்டுமோ அதுதான் புதிய கடைசி இலக்கம். கூட்டுத்தொகையே பத்தின் மடங்காக இருந்தால் 0.

எண்ணே இல்லாத புத்தகங்கள் தமிழில் நிறைய. அவற்றுக்கு நாமே எண் கொடுத்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதுதான். 20 முதல் 29 வரை தொடங்கும் 13 இலக்க பார்கோடு எண்கள் கடைகளின் உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதில் தொடங்கினால் 978 எண்களோடு மோதாது.

எக்செல்லில் பட்டியல் தயாரிப்பவர்கள் எண் வரும் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 13 இலக்கத்தையும் 9.78E+12 என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சி.எஸ்.வி. (மென்பொருளில் ஏற்றுவதற்கான எளிய பட்டியல் கோப்பு) ஆகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான்.

படி 3: பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்

பாரதியார், மகாகவி பாரதியார், சி. சுப்பிரமணிய பாரதி என்று மூன்று பேர் மூன்று விதமாக ஏற்றினால், மென்பொருளுக்கு அவர்கள் மூன்று எழுத்தாளர்கள். எது நம் கடை வழக்கு என்று ஒரு தாளில் எழுதி கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ‘ஔவையார்’ என்பதை ஒருவர் ஔ என்ற ஒற்றை எழுத்தால் அடிப்பார், இன்னொருவர் ஒ, ள என்று இரண்டு எழுத்தால் ‘ஒளவையார்’ என்று அடிப்பார். திரையில் வித்தியாசம் கண்ணில் படாது, தேடினால் ஒன்று வரும், மற்றது வராது. புத்தகம் அலமாரியில் இருக்கும்போதே ‘இல்லீங்க’ என்று வாசகரைத் திருப்பி அனுப்பிவிடுவோம். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பட்டியல் என்றால் கொ, கோ வரும் சொற்களையும் தேடிச் சோதியுங்கள்.

படி 4: யாருடைய பிரதி?

இதுதான் இந்த வேலையின் உயிர். மென்பொருளில் இரண்டு குடோன் திறங்கள்: ‘சொந்தம்’, ‘விற்றுத் தருவது’. புத்தகம் உள்ளே வரும்போதே எதில் சேர்கிறது என்று முடிவாகிவிட வேண்டும். ஒரே புத்தகம் இரண்டு வகையிலும் இருந்தால் விற்றுத் தரும் பிரதியில் ஒரு சின்ன வண்ணப் புள்ளி ஒட்டுங்கள், பில் போடுகிறவர் பார்த்துச் சரியான குடோனைத் தேர்வார்.

கணக்கையும் பாருங்கள். விலை 200 ரூபாய், கழிவு 35 சதவீதம் என்றால் பதிப்பகத்துக்கு 130, நமக்கு 70. வாசகருக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் அந்த 20 ரூபாய் நம் 70இலிருந்துதான் போகும். பதிப்பகத்துக்குச் சேர வேண்டியது அப்போதும் 130தான். மென்பொருள் விற்ற தொகையான 180இல் கழிவு போட்டு 117 என்று காட்டினால், பதிப்பகத்துக்கு 13 ரூபாய் குறையும். இதை அந்தப் பத்துப் புத்தகத்திலேயே சோதித்துவிடுங்கள்.

படி 5: எண்ணி ஏற்றுவது

மொத்தக் கடையையும் ஒரே நாளில் எண்ண வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் அலமாரி போதும். யு.எஸ்.பி. ஸ்கேனர் விசைப்பலகை போலத்தான் வேலை செய்யும், தனிப் பயிற்சி தேவையில்லை. ஒருவர் ஸ்கேன் செய்ய, இன்னொருவர் பின்னட்டை விலையைச் சத்தமாக வாசிக்கட்டும். மறுஅச்சில் எண் மாறாமல் விலை 250இலிருந்து 300 ஆகியிருக்கலாம். ஸ்கேனருக்கு அது தெரியாது. அப்படிப்பட்டதை மென்பொருளில் இரண்டு ‘பேட்ச்’ ஆக, அதாவது விலைக்கு ஒரு தொகுதியாக, பிரியுங்கள்.

அச்சிட்ட புத்தகங்களுக்கு ஹெச்.எஸ்.என். (வரிக்கான பொருள் வகை எண்) 4901, ஜி.எஸ்.டி. இல்லை. பேனா, பை போன்றவற்றுக்கு வரி உண்டு, தனிப் பிரிவாக வையுங்கள்.

படி 6: தினமும் மூன்று பதிவு

வந்தது, விற்றது, திரும்பிப் போனது. மூன்றும் அன்றன்றே ஏற வேண்டும். நண்பர் படிக்க எடுத்துப் போனதும், மழையில் நனைந்து வீணானதும்கூடப் பதிவாக வேண்டும். எங்களுடைய அந்த ஏழும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் ‘அரங்கு – சொந்தம்’, ‘அரங்கு – விற்றுத் தருவது’ என்று இன்னும் இரண்டு குடோன் திறங்கள். பெட்டி கட்டும்போதே புத்தகங்களை அங்கே மாற்றுங்கள். காட்சி முடிந்து பெட்டி திரும்பியதும், அலமாரியில் அடுக்குவதற்கு முன்பே ஸ்கேன் செய்து கடைக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் அரங்குக் கணக்கில் எது மிச்சம் நிற்கிறதோ, அதுதான் தொலைந்த பிரதி.